கை ஊன்றாமல் எழுந்த ஞாயிறு

மதுரை,
ஞாயிறு இரவு.

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எட்டு வாரம் மாத்திரை போட்டாயிற்று, ரத்தத்தில் வைட்டமின் டி 11-லிருந்து 33-க்கு ஏறியாயிற்று, இன்னும் ஏன் தொடை கனக்கிறது, இடுப்பு ஏன் விட்டுப்போகிறது என்று கேட்டாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "வாரம் இரண்டாகப் போட்டுப் பார்க்கட்டுமா?" என்றாய். அந்தக் கேள்வியில்தான் எனக்குத் தூக்கம் போயிற்று. போடாதே.

28 வருடம் புது மண்டபத்தில் மிஷின் மிதித்தவன் நான். வசந்த விழாவில் மீனாட்சியும் சொக்கரும் வந்து இளைப்பாறத் திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம் அது. வெயில் தெரியக்கூடாது என்பதற்காகவே எழுப்பிய இடம். சாமி சில நாள் தங்கிய நிழலில் நான் வருடம் முழுக்கக் குடியிருந்தேன். கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிய பிறகும் எனக்கு வாய்த்தது டியூப்லைட் வெளிச்சம்தான். "மதுரையில் இருந்துகொண்டு வெயில் சத்துக் குறைச்சலா?" என்று உன் அத்தை இன்றைக்கும் சிரிக்கிறாள். வெயில் ஊரில் அடித்தால் போதுமா, தோலில் பட வேண்டாமா? அதிலும் நம் போன்ற கறுத்த தோலுக்குக் கூடுதல் நேரம் பட வேண்டும். நீ பெங்களூரில் ஜன்னல் ஓரத்து நாற்காலி கிடைத்தது என்று சந்தோஷப்பட்டாய். கண்ணாடி வெளிச்சத்தை விடும். அந்தச் சத்தை உண்டாக்கும் கதிரை விடாது.

உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. ஒருநாள் பாபின் கைதவறி உருண்டு மிஷினுக்கு அடியில் போய்விட்டது. குந்தி எடுத்துவிட்டேன், எழ முடியவில்லை. மிஷின் ஸ்டாண்டைப் பிடித்து, முழங்காலில் கை கொடுத்து, தரையில் இன்னொரு கையை ஊன்றி, வயதான மாடு எழுவதுபோல எழுந்தேன். சட்டை தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த பையன் பார்க்காததுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். கணுக்காலுக்கு மேலே முன்பக்க எலும்பைக் கட்டைவிரலால் அழுத்தினால் உயிர் போகும். முதலில் பார்த்தவர் வயது என்று சொல்லி வலி மாத்திரை எழுதிக்கொடுத்தார். இரண்டாவதாகப் பார்த்த டாக்டரம்மாதான் ரத்தம் எடுக்கச் சொன்னார். 8 இருந்தது. 20-க்குக் கீழே போனாலே குறைபாடுதான்.

உனக்குக் கொடுத்த அதே 60,000 யூனிட்தான் எனக்கும், வாரம் ஒன்று. எட்டு வாரம் முடிந்து பேப்பரில் 34 வந்தபோது பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே போய்விடலாம் என்று நினைத்தேன். பாதி வழியில் ஆட்டோ பிடித்தேன். டாக்டரம்மாவிடம் போய்க் கோபித்துக்கொண்டேன். "ரத்தத்தில் ஏறுவது வாரக் கணக்கு ஐயா, சதைக்கும் எலும்புக்கும் அது மாதக் கணக்கு" என்றார். எலும்பின் இழை உள்ளே இருக்கிறதாம், அதில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து இறுக வேண்டுமாம். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. கேன்வாஸ் வைக்காத காலர். துணி இருக்கும், தையல் இருக்கும், நிமிர்ந்து நிற்காது.

அதற்குப் பிறகு வலி எவ்வளவு என்று தினம் பார்ப்பதை விட்டேன். பார்க்கப் பார்க்க அது கூடத்தான் செய்கிறது. ஞாயிறுதோறும் காலையில் பாயில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழப் பார்ப்பேன். முடியாவிட்டால் பீரோ கதவின் உள்பக்கம் தையல் சாக்கால் ஒரு கோடு, முடிந்தால் ஒரு வட்டம். உன் அம்மா திட்டிக்கொண்டே இருந்தாள். முதல் வட்டத்துக்கு முன்னால் 19 கோடு இருக்கிறது, வரும்போது எண்ணிப் பார். வட்டம் வந்த அடுத்த இரண்டு வாரம் மறுபடி கோடு. தீபாவளி வேலையில் இரவு முழுக்க உட்கார்ந்தேன், அதனால். அப்புறம்தான் வட்டங்கள் தொடர்ந்து வந்தன.

இப்போது அந்த இரண்டு மாத்திரை விஷயம். எங்கள் கடை வரிசையில் ஒருவர், வாரம் ஒன்று என்று எழுதியிருந்ததைத் தினம் ஒன்று என்று எடுத்துக்கொண்டு விழுங்கினார். இந்தச் சத்து கொழுப்பில் கரைவது, உடம்பில் தங்கிவிடும். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிப்போகும். அவருக்கு வாந்தி, அடங்காத தாகம், மலச்சிக்கல். கடைசியில் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றினார்கள். எட்டு வாரத்துக்குப் பிறகு எவ்வளவு என்பதை உன் டாக்டர் சொல்லட்டும், நீயும் மருந்துக்கடைக்காரரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டாம்.

உன் டாக்டரிடம் இன்னொன்றும் கேள். எல்லாப் பழியையும் டி மேல் போடக்கூடாது. எனக்குப் பாத எரிச்சல் மட்டும் போகவே இல்லை, பார்த்தால் பி12 குறைவு, அது தனிக் கதை. தைராய்டு, ரத்தசோகை, கால்சியம் எல்லாம் ஒருமுறை பார்த்துவிடு. இடுப்பிலோ தொடை இடுக்கிலோ ஒரே இடத்தில் வலி குத்தி, கால் ஊன்ற முடியாமல் போனால் காத்திருக்காதே, அன்றைக்கே போ. இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் ஒரே வாயில் போடுகிறாய் என்று அம்மா சொன்னாள். கால்சியம் இரும்பை உள்ளே சேரவிடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடு.

டி மாத்திரையைக் காலையில் வெறும் காபியோடு விழுங்காதே, கொஞ்சம் எண்ணெய், நெய் உள்ள சாப்பாட்டுக்குப் பிறகு போடு. எனக்கு அது ஞாயிறு மதியம், அயிரை மீன் குழம்புக்கு அப்புறம். அயிரையை முள்ளோடு தின்பதால் கால்சியமும் சேருகிறது என்று உன் அம்மாவிடம் சொல்லித்தான் வாரா வாரம் வாங்க வைக்கிறேன். உனக்கு அங்கே கேப்பை கிடைக்கும், கூழோ களியோ கிண்டிக்கொள்.

இளவெயில் நல்லது என்று ஆறரை மணிக்கு மொட்டை மாடியில் நின்றவன் நான். அந்த வெயிலில் பெரிதாக ஒன்றும் கிடைக்காதாம். உன் நிழல் உன் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்தில் கால் மணி, இருபது நிமிடம், கையும் காலும் தெரிய நில். தோல் எரிகிற வரை நிற்காதே. போன பங்குனியில் அம்மா வற்றல் காயப் போட்டபோது என்னைக் காக்கை விரட்ட உட்கார வைத்தாள். வைத்தியமும் ஆயிற்று, வற்றலும் தப்பியது.

உனக்கு இரண்டு சுடிதார் துணி எடுத்து வைத்திருக்கிறேன், இன்னும் வெட்டவில்லை. பழைய அளவுதானா, இளைத்திருக்கிறாயா என்று உண்மையைச் சொல். அம்மா வற்றலை டப்பாவில் கட்டிவிட்டாள், வியாழக்கிழமை பஸ்ஸில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா