கறிவேப்பிலையின் பெயருக்குள் இருப்பவர்: பாடநூல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளித் தாவரவியல் பாடநூல்களை எழுதும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

கறிவேப்பிலையின் தாவரவியல் பெயரை ‘முர்ராயா கோனிகீ’ என்று மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். அந்தப் பெயரின் பின்பாதியில் இருப்பவர் யார், எந்த ஊரில் இருந்துகொண்டு அவர் இந்தச் செடியைப் பார்த்தார் என்பதையும் பாடத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

யோகான் கெர்ஹார்டு கோனிக் 1728-இல் லிவோனியாவில், அதாவது இன்றைய லாட்வியாவில், பிறந்தவர். ஸ்வீடனில், உயிரினங்களுக்கு இரு சொல்லில் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸிடம் நேரில் பாடம் கேட்டு, ஐஸ்லாந்தில் செடிகள் சேகரித்து, 1768-இல் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு மிஷன் மருத்துவராக வந்து சேர்ந்தார். மூன்று ஆண்டுகளுக்குள், 1771-இல், லின்னேயஸ் கறிவேப்பிலைக்கு ‘பெர்கேரா கோனிகீ’ என்று தம் மாணவரின் பெயரைச் சூட்டிவிட்டார். பின்னால் வந்தவர்கள் அதை முர்ராயா என்ற பேரினத்தில் சேர்த்தார்கள். இப்போது வகைப்பாட்டியலார் பலர் மீண்டும் பெர்கேராவுக்கே திரும்பியிருக்கிறார்கள். முன்பாதி இப்படி அலைந்தபோதும் பின்பாதி மாறவில்லை.

மிஷன் சம்பளம் அவருடைய பயணங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. 1774-இல் ஆற்காட்டு நவாபிடம் வேலைக்குச் சேர்ந்தார். 1778-இல் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளர் ஆனார். சயாம், மலாக்கா வரை போய்வந்தார். 1785-இல் காக்கிநாடாவை அடுத்த ஜகந்நாதபுரத்தில் வயிற்றுக்கடுப்பால் இறந்தபோது, பிற்காலத்தில் தாவரவியலாளராகப் பெரும் புகழ் பெற்ற ராக்ஸ்பர்க் உடனிருந்து மருத்துவம் பார்த்தார். கோனிக்கின் குறிப்பேடுகள் அவர் விருப்பப்படியே லண்டனில் இயற்கையியலாளர் ஜோசப் பேங்க்ஸிடம் போய்ச் சேர்ந்தன.

ஆனால் மாணவர்களுக்கு நான் காட்ட விரும்புவது இந்தப் பதவி வரிசையை அல்ல, 1779-இல் பெர்லின் இயற்கையியலாளர் சங்கத்தின் இதழில் கறையானைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை. கறையானை முறையாக ஆராய்ந்தவர்களில் முன்னோடி என்று அவரைச் சொல்ல வைத்த கட்டுரை அது. சிறகு முளைத்த கறையானாகிய ஈசல் பறப்பதற்கு முன்பே நம் மக்கள் அதைப் பிடிக்கும் விதத்தை அதில் விவரிக்கிறார். புற்றில் இரண்டு துளைகள் போடுவார்கள். காற்று வரும் பக்கத்துத் துளையில் நாற்றமடிக்கும் பொருள்களைக் கொளுத்துவார்கள்; எதிர்ப்பக்கத்துத் துளையில் பானையின் வாயைப் பொருத்துவார்கள். அந்தப் பானையில் முன்கூட்டியே ஓர் இலையைத் தேய்த்து வைப்பார்கள். எந்த இலை தெரியுமா? பெர்கேரா, அதாவது நம் கறிவேப்பிலைதான். புகைக்கு ஈசலோடு சில நேரம் நல்ல பாம்பும் பானைக்குள் வந்துவிடும் என்பதால் கவனமாகவே எடுப்பார்கள் என்கிறார். பிடித்த ஈசலை மாவில் சேர்த்துப் பலகாரம் செய்து ஏழைகளுக்கு மலிவாக விற்றார்களாம். அளவு மீறித் தின்றால் வயிற்றுக்கடுப்பு வரும் என்றும் எழுதி வைத்திருக்கிறார். சிறகுள்ளவை எல்லாம் பெண் என்று நினைத்தது அவருடைய பிழை. ஈசலில் ஆணும் உண்டு.

இந்த நுட்பத்தைத் தெரிந்து வைத்திருந்தவர்களின் பெயர் எந்தச் செடியிலும் இல்லை. ரசத்துக்கு மணம் கொடுத்துவிட்டு இலை ஓரத்துக்குப் போகும் கறிவேப்பிலையின் கதைதான் அவர்களுக்கும். இதற்காகக் கோனிக்கைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. அவர்கள் செய்ததை அவர் எழுதி வைத்ததால்தான் இன்று அதை அறிகிறோம். எனினும், ஒரு ஐரோப்பியர் வந்து எல்லாவற்றையும் தாமே கண்டுபிடித்தார் என்பது போலப் பாடத்தை எழுதிவிடாதீர்கள் என்பது என் இரண்டாவது வேண்டுகோள்.

லின்னேயஸின் இருசொற்பெயர் முறையை விளக்கும் பக்கத்தில் அரைப்பக்கம் ஒதுக்கினால் போதும். அங்கே கோனிக்கின் முகத்தை வரையச் சொல்வதைவிட அந்தப் புற்றையும் பானையையும் வரையச் சொல்லுங்கள். நெருப்பு காற்று வரும் பக்கத்தில் இருக்கிறதா என்பதை மட்டும் அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தாவரவியல் படித்த ஒரு வாசகர்