நடக்காமல் போன விபத்துகளை எங்கே எழுதி வைக்கிறீர்கள்?

ரயில்வே வாரியத்துக்கும் ரயில்வே பாதுகாப்பு ஆணையத்துக்கும் வணக்கம்.

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் தினமும் வேலைக்குப் போய்வருகிறவன் நான். 2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ் மெயின் லைனை விட்டு, ரயில்களை ஒதுக்கி நிறுத்துகிற லூப் லைனுக்குள் போய், நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதிய பிறகு, அந்த ஸ்டேஷனைத் தாண்டும்போதெல்லாம் எட்டித் தண்டவாளத்தைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. பார்த்து எனக்கு என்ன தெரியப்போகிறது, சரி, அது வேறு.

நாடாளுமன்றத்தில் நீங்கள் கொடுக்கிற கணக்கை விடாமல் படிக்கிறேன். பெரிய விபத்துகள் 2014-15இல் 135, 2024-25இல் 31. குறைந்திருப்பது உண்மைதான். அகலப்பாதையில் ஆளில்லா லெவல் கிராசிங்கே இல்லை என்று 2019 ஜனவரியில் ஆக்கிக் காட்டியது சாதாரண வேலை இல்லை, அதற்கு நன்றி சொல்லாமல் குறை மட்டும் சொல்ல வரவில்லை.

ஆனால் அந்த 31-க்குள் எது வரும் எது வராது என்று பாருங்கள். ஆள் செத்திருக்க வேண்டும், காயம்பட்டிருக்க வேண்டும், இல்லை பெரிய சேதமோ நீண்ட நேரத் தடையோ ஆகியிருக்க வேண்டும். 2022 மே 16 அன்று கரக்பூர் கோட்டத்தில் பாங்க்ராநயாபாஜ் ஸ்டேஷனில் வயரை மாற்றி இணைத்ததால் சிக்னல் ஒரு பாதையைக் காட்ட, ரயில் இன்னொரு பாதையில் போனது. 2023 பிப்ரவரி 8 அன்று மைசூரு கோட்டத்தில் ஹொசதுர்கா ரோடு ஸ்டேஷனில் கிட்டத்தட்ட அதே கதை, லோகோ பைலட் கவனித்து நிறுத்தியதால் எதிரே சரக்கு ரயிலில் மோதாமல் தப்பித்தது. மறுநாளே தென்மேற்கு ரயில்வேயின் தலைமை இயக்க மேலாளர், இதைச் சரிசெய்யாவிட்டால் விபத்து நடக்கும் என்று எழுதியே வைத்தார். யாரும் சாகவில்லை என்பதால் இப்படிப்பட்டவை அந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. அப்புறம் ஜூன் 2. ஒடிசாவின் பஹாநகா பஜாரில் சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல், மெயின் லைனுக்குப் பச்சை விழுந்தும் லூப் லைனுக்குள் பாய்ந்தது. ஏறக்குறைய முந்நூறு உயிர். இதுவும் அதே கரக்பூர் கோட்டம்! பாங்க்ராநயாபாஜுக்குப் பிறகு சரிசெய்திருந்தால் இது நடந்திருக்காது என்று எழுதியது நானில்லை, விபத்தை விசாரித்த பாதுகாப்பு ஆணையமே.

அதனால்தான் கேட்கிறேன். அடிபட்ட பிறகு எண்ணுகிற கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு பாதுகாப்பைக் கண்காணிக்கிறோம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? சிவப்பைத் தாண்டிய ரயில்கள் எத்தனை, தவறான பச்சை காட்டிய சிக்னல்கள் எத்தனை, எந்தக் கோட்டத்தில், பிறகு என்ன செய்தீர்கள், இதை மாதாமாதம் பொதுவில் போடுங்கள். தண்டவாளத்தைச் சோதிக்கிற பதிவு வண்டிகளின் ஆய்வில் 30 முதல் 100 சதவீதம் வரை குறைவு இருந்ததாக 2022இல் தணிக்கைத் துறை எழுதியதே, அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது?

டிராமிலும் இதே வியாதிதான். லண்டன் குராய்டனில் 2016 நவம்பர் 9 அன்று சாண்டிலாண்ட்ஸ் வளைவில் டிராம் கவிழ்ந்து ஏழு பேர் இறந்தார்கள். அதற்கு ஒன்பது நாள் முன்புதான், அக்டோபர் 31 அன்று, அதே வளைவில் இன்னொரு டிராம் அதிவேகத்தில் கவிழாமல் தப்பியிருக்கிறது. இந்த விவரம் நமக்குத் தெரிவது எப்படி? அங்கே விசாரணை அறிக்கையை முழுசாக வெளியிடுகிறார்கள், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பஹாநகாவுக்கோ மாநிலங்களவையில் ஒரு பதில், மிச்சத்தைப் பத்திரிகைகள் தோண்டி எடுத்தன. ஆணையத்தை ரயில்வேயிடமிருந்து பிரித்து விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வைத்திருப்பதே யாருக்கும் கட்டுப்படாமல் பேசத்தானே, அந்தப் பேச்சு எங்கள் காதில் விழ வேண்டாமா?

இன்னொன்று, கணக்குக்கு வெளியே கிடப்பவர்கள். தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டுச் சாகிறவர்கள் ஆண்டுக்குச் சுமார் 15,000 பேர் என்று 2012இல் ரயில் பாதுகாப்பை ஆராய்ந்த அனில் ககோட்கர் குழு சொன்னது. மும்பையில் நெரிசலில் படியிலிருந்து விழுகிறவர்களும் உங்கள் 31-க்குள் இல்லை. அத்துமீறல் என்று பெயர் வைத்துவிட்டால் கணக்கு சுத்தமாகிவிடும், சரி, நடைமேம்பாலம் இல்லாத இடத்தில் மனிதன் எந்த வழியாகப் போவான்?

கடைசியாக, உங்களால் உடனே செய்யக்கூடிய ஒன்று. கடலூர் செம்மங்குப்பத்தில் 2025 ஜூலை 8 அன்று பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். கேட் இருந்தது, கீப்பர் இருந்தார், கேட் மூடினால்தான் சிக்னல் விழும் என்கிற இன்டர்லாக்கிங் மட்டும் இல்லை; ஸ்டேஷன் மாஸ்டரும் கேட் கீப்பரும் கேட் மூடியதற்கு அடையாளமாகப் போனில் பிரைவேட் நம்பர் மாற்றிக்கொள்கிற நம்பிக்கையில்தான் அது ஓடியது. அதன் பிறகு ஒவ்வொரு கோட்ட மேலாளரும் தினமும் கேட்களின் குரல் பதிவைக் கேட்டுச் சோதிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டீர்கள், நல்ல உத்தரவு. இதுவரை எத்தனை பதிவு கேட்டீர்கள், அதில் எத்தனை முறை ரயில் வருவது தெரிந்தும் நம்பர் கொடுக்காமல் விட்டார்கள், எத்தனை முறை கேட்டை மூடாமலே மூடியதாகச் சொன்னார்கள்? எங்கள் ஊர் கேட்டின் எண்ணைப் போட்டால் பதில் வரவேண்டும்.

இப்படிக்கு,
சீசன் டிக்கெட் பயணி ஒருவன்