கணவாய் ஏறப் போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று பொழுதோட போனில் நீ மலையேறப் போவதைச் சொன்னதும் "அதெல்லாம் வேண்டாம் அம்மிணி" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். நீயும் "சரிங்ப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். அந்த "சரி"யில் இருந்த வருத்தம் எனக்குப் புரிந்தது. ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. போனில் பேசினால் மறுபடியும் வேண்டாம் என்றுதான் வாயில் வரும். அதனால்தான் கடிதம்.

போய் வா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். வேண்டாம் என்று ஏன் சொன்னேன் என்பதை இனிமேல் சொல்கிறேன்.

இன்றைக்குக் காலையிலிருந்து நம் தோட்டத்தில் காற்று ஆரம்பித்துவிட்டது. தென்னை மட்டையெல்லாம் கிழக்கே பார்த்துச் சீவிவிட்ட மாதிரி கிடக்கிறது. வாசலில் காயப்போட்ட வேட்டி வேலியைத் தாண்டிப் போய்விட்டது. சின்ன வயதில் நீ இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பாய். சாளைத் திண்ணையில் உட்கார வைத்து, வடக்கே தெரிவது நீலகிரி, தெற்கே தெரிவது ஆனைமலை, நடுவில் மலையே இல்லாத அந்தச் சந்துதான் பாலக்காட்டுக் கணவாய், அந்த வழியாக வருகிறது என்று காட்டியிருக்கிறேன். 30 கிலோமீட்டருக்கு மேல் அகலம். ஏறவே வேண்டாம், மாட்டு வண்டியில் போய்விடலாம். வெள்ளலூரில் தோண்டின இடத்தில் ரோமாபுரிக் காசு கிடைத்ததென்றால், இந்த வழி திறந்து கிடந்ததும் அதற்கு ஒரு காரணம். 1862-லேயே போத்தனூரிலிருந்து பட்டாம்பிக்கு இதே வழியில் ரயில் போய்விட்டது. நம் கிணத்துக்கடவின் பெயரிலேயே கடவு இருக்கிறது. கடவு என்றால் வழி. கணவாய்க் காற்றிலேயே பிறந்து வளர்ந்தவள் நீ. உன்னைக் கணவாய்க்குப் போகாதே என்று சொல்ல எனக்கு என்ன நியாயம் இருக்கிறது என்று காலையில் தண்ணீர் கட்டும்போது யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் நீ போகப்போகிற, இமயமலையில் இருக்கிற ஹம்தா கணவாய் வேறு மாதிரி. நீ அனுப்பின திட்டத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்தேன். மணாலியிலிருந்து ஜோப்ரா, அங்கிருந்து சிக்கா, அப்புறம் பாலு கா கேரா, அதற்கப்புறம் கணவாய். 14,000 அடி. நம் தெற்கில் இருப்பதிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான், 9,000 அடிகூட வராது. சிக்காவில் நீங்கள் கூடாரம் போடுகிற இடமே அதைவிட உயரம். நீ இதுவரைக்கும் ஏறின உயரம் தொட்டபெட்டா, அதுவும் காரில்.

உடம்பு நன்றாக இருக்கிறது, தினமும் ஓடுகிறேன் என்கிறாய். நல்லதுதான் கண்ணு, ஏறும்போது கால் வலி குறையும். ஆனால் உயரத்தில் வருகிற சீக்குக்கு ஓடுகிறவன், ஓடாதவன் என்ற கணக்கில்லை. அந்த உயரத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கிற காற்று, கடற்கரையில் கிடைப்பதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான். தலை வலிக்கும், சோறு இறங்காது, வாந்தி வரும், தூக்கம் வராது. அப்படி இருந்தால் அதற்கு மேல் ஒரு அடிகூட ஏறக்கூடாது. குறையாமல் கூடிக்கொண்டே போனால், நடு ராத்திரியானாலும் கீழே இறங்கிவிட வேண்டும். இறங்குவதுதான் அதற்கு மருந்து. இன்னொன்று, கூட வருகிற யாராவது பேச்சுக் குழறினாலோ தள்ளாடினாலோ, குதிகாலையும் கட்டைவிரலையும் ஒட்டி ஒட்டி வைத்து, வரப்பில் நடக்கிற மாதிரி நேராகப் பத்து எட்டு நடக்கச் சொல்லிப் பார். நடக்க முடியவில்லையென்றால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே இறக்க வேண்டும்.

மாத்திரை விஷயம் ஒன்று. உயரத்தில் வருகிற சீக்குக்கு டயமாக்ஸ் என்று ஒன்றை எல்லோரும் போட்டுக்கொள்வார்கள் என்று உன் சிநேகிதி சொன்னதாகச் சொன்னாய். ஆறாம் வகுப்பில் உனக்கு ஒரு சல்ஃபா மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்துப்போனது ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு டாக்டர் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்த சீட்டு இன்னும் பீரோவில் உன் ஜாதகத்தோடு இருக்கிறது. டயமாக்ஸும் அந்த வகையோடு சேர்த்துச் சொல்லப்படுகிற மருந்துதான். டாக்டரிடம் இந்தச் சீட்டைக் காட்டிக் கேட்காமல் யார் கொடுத்தாலும் வாயில் போடாதே. படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன்.

சரி, இதெல்லாம் நீ படித்துத் தெரிந்துகொள்ளக்கூடியது. உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. உன் அம்மாவுக்கும் பாதிதான் தெரியும்.

1996 சித்ரா பௌர்ணமிக்கு வெள்ளிங்கிரி போனோம், ஆறு பேர். நீ அப்போது பிறக்கவில்லை. பூண்டி அடிவாரத்தில் ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கிக்கொண்டு ராத்திரி ஒன்பது மணிக்கு ஏறத் தொடங்கினோம். வடக்கால தோட்டத்து மாமனும் வந்திருந்தார். எங்களில் நல்ல கட்டுமஸ்தான ஆள் அவர்தான், நெல் மூட்டையை ஒரே தூக்காகத் தூக்குவார். முதல் மலையின் படிக்கட்டு நெட்டுக்குத்தாக இருக்கும். அதிலேயே அவர் இரண்டு தடவை உட்கார்ந்தார். கைதட்டிச் சுனையில் தண்ணீர் குடிக்கும்போது, "மாப்பிள்ளை, நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்குதுங்க" என்றார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் மற்ற நாலு பேரும் எழுந்துவிட்டார்கள். விடிவதற்குள் ஏழாவது மலையில் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய கணக்கு. "நீங்க மெதுவாக வாங்க மாமா, நாங்க முன்னே போறோம்" என்று சொன்னது நான்தான். வேறு யாரும் இல்லை, நான்தான் சொன்னேன்.

ஏழாவது மலையில் நின்று சூரியன் வருவதைப் பார்த்தேன். கீழே மேகம் பஞ்சுப் பொதி மாதிரி கிடந்தது. சாமி கும்பிட்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று இன்றைக்கும் ஞாபகம் இல்லை. மாமன் எங்கே என்பதிலேயே மனசு நின்றுவிட்டது.

இறங்கி வரும்போது நாலாவது மலைக்குக் கீழே ஒரு பாறை ஓரத்தில் அவரைப் பார்த்தோம். யாரென்றே தெரியாத ஒரு பெரியவர், திருப்பூர்ப் பக்கத்து ஆள், தன் கம்பளியை மாமனுக்குப் போர்த்திவிட்டு, வெறும் துண்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மாமனின் கை பனிக்கட்டி மாதிரி இருந்தது. உதடு கருத்திருந்தது. அந்தப் பெரியவர் ராத்திரி பூராவும் அங்கேயே இருந்திருக்கிறார். மேலே போகவில்லை. எங்களைத் திட்டவில்லை. "வந்துட்டீங்களா, சரி, பார்த்து இறக்கிக் கூட்டிட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, கம்பளியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் இறங்கிப் போய்விட்டார். அவர் ஊர் பேர்கூட நான் கேட்கவில்லை.

மாமன் பிழைத்துக்கொண்டார். கோயம்புத்தூரில் வைத்தியம் பார்த்து, அடுத்த தை நோம்பிக்கெல்லாம் தோட்ட வேலைக்கு வந்துவிட்டார். ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் என்னோடு பேசவில்லை. பேச ஆரம்பித்த பிறகும் அந்த ராத்திரியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. போன வருசம் அவர் காலமானபோது சுடுகாட்டில் நான் அத்தனை அழுதேன். ஒறம்பரைக்காரர்கள் அதிசயமாகப் பார்த்தார்கள், நீயும் ஏனென்று கேட்டாய். இதற்குத்தான் கண்ணு.

கட்டுத்தரை மூலையில் சாத்தி வைத்திருக்கிற அந்த மூங்கில் தடி அன்றைக்கு வாங்கினதுதான். அடி வெடித்துப்போய்க் கம்பி சுற்றியிருக்கிறேன். பிடிக்கிற இடம் மட்டும் கறுத்து வழவழவென்று இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு அதற்கப்புறம் நாலு தடவை வெள்ளிங்கிரி ஏறினேன். ஒவ்வொரு தடவையும் கடைசி ஆளாகத்தான் ஏறினேன். ஒரு தடவை ஐந்தாவது மலையோடு திரும்பினோம், பள்ளிக்கூடப் பையன் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அந்தத் தடவைதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அதனால் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கிளம்புவதற்கு முன்னால் உங்கள் பதினாறு பேரையும் உட்கார வைத்து, "ஒருத்தருக்கு முடியவில்லையென்றால் யார் கூட இறங்குவது?" என்று கேள். வழிகாட்டி எத்தனை பேர், முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும் நடப்பார்களா, ஆக்சிஜன் சிலிண்டர் கையில் இருக்கிறதா, எந்த முகாம் வரை குதிரை வரும் என்று கேள். பதில் மழுப்பலாக இருந்தால் அந்தக் கூட்டத்தோடு போகாதே, வேறு கூட்டத்தோடு போ. முடியாத ஆள் நீயாக இருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடு. கட்டின பணம் போனால் போகிறது, அப்பா தருகிறேன்.

2018 மார்ச்சில் குரங்கணியில் தீப்பிடித்தது உனக்கே தெரியும். மலை பார்க்கப் போன பிள்ளைகள், 23 பேர் போய்விட்டார்கள். நம் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அந்த வாரம் முழுக்க இங்கே யார் வீட்டிலும் டிவியை நிறுத்தவே இல்லை. நேற்று நீ மலை என்றதும் எனக்குக் கண்ணில் வந்தது அதுதான். ஹம்தாவில் இப்போது தீ இருக்காது, பனியும் தண்ணீரும்தான். ஆற்றைக் கடக்கிற இடம் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். பனி உருகி வருகிற ஆறு காலையில் சிறுத்து ஓடும், வெயில் ஏற ஏறப் பெருகும். மத்தியானத்துக்கு மேல் கடக்கச் சொன்னால், மறுநாள் காலை வரை இருக்கலாம் என்று சொல். கைகோத்துக் கடங்கள். பையின் வார்களைத் தளர்த்தி வைத்துக்கொள், வழுக்கி விழுந்தால் சட்டென்று கழற்ற வர வேண்டும்.

புது பூட்ஸை இப்போதே போட்டு நடந்து பழக்கு. நேராக மலையில் போட்டால் கொப்புளம்தான்.

அம்மா நேற்று ராத்திரி என்னோடு ஒன்றும் பேசவில்லை. காலையில் பார்த்தால் பச்சரிசியை ஊறப் போட்டிருக்கிறாள். கச்சாயம் சுடப்போகிறாளாம். கடலை உருண்டையும் பிடித்து, கருப்பட்டி இரண்டு வட்டும் வைத்து வெள்ளிக்கிழமை கூரியரில் போடுகிறோம். குளிரில் பசி தெரியாது, வாயில் போட்டுக்கொண்டே நட. பதினாறு பேருக்கும் கணக்குப் பண்ணித்தான் சுடுகிறாள். அமுச்சியின் கம்பளி ஒன்று பெட்டியில் இருக்கிறது, கொஞ்சம் கனம். அதையும் வைக்கட்டுமா என்று கேட்கிறாள். வைக்கச் சொல்லிவிட்டேன். உனக்கு வேண்டாமென்றாலும் யாருக்காவது போர்த்த ஆகும்.

எனக்கும் ஒரு ஆசை இருக்கிறது. நீங்கள் ஏறுகிற குல்லு பக்கம் ஒரே பச்சையாக இருக்கும், கணவாயைத் தாண்டி இறங்குகிற லாஹுல் பக்கம் மரமே இல்லாமல் மொட்டைப் பாறையாக இருக்கும் என்று படித்தேன். மழை மேகத்தை அந்த மலைத்தொடர் தடுத்துவிடுகிறதாம். பொள்ளாச்சியிலிருந்து பல்லடம் போகும்போது தென்னை குறைந்து பனையும் வேலமரமுமாக மாறுமே, அந்த மாற்றத்துக்கு நமக்கு ஒரு மணி நேரப் பஸ் பயணம் வேண்டும். அங்கே ஒரே நாளில், ஒரு முகட்டின் இரண்டு பக்கத்தில் பார்த்துவிடலாம் என்கிறார்கள். அந்த இடத்தில் ஒரு நிமிசம் நில். இரண்டு பக்கமும் திரும்பிப் பார். போட்டோ எடுத்தால் சரி, எடுக்காவிட்டாலும் சரி, எனக்கு வாயால் சொன்னால் போதும்.

கணவாய் தாண்டுகிற நாளில் சிக்னல் இருக்காது என்பது தெரியும். லாஹுல் பக்கம் இறங்கிச் சேருகிற சத்ரு என்ற இடத்தைத் தாண்டி எங்கே கிடைக்கிறதோ அங்கிருந்து முதல் போன் அம்மாவுக்குப் பண்ணு. எனக்கு அப்புறம் பண்ணலாம், நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

மேலே காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு வந்து சொல்.

அன்புடன்,
அப்பா