வானியல் கழகத்தின் 2024ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே, பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோரே, வணக்கம்.

மாதக் கூட்டங்களும் பாடசாலைகளில் வான் காட்டும் இரவுகளும் ஒழுங்காக நடந்தன. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு புதிதாகக் கைவைத்த ஒரு வேலையைத்தான் நான் விரித்துச் சொல்ல விரும்புகிறேன். அது இரட்டை விண்மீன்களின் ஒளித் துடிப்பு.

சில இரட்டைகளில் ஒன்று வெண்குள்ளன். பூமியளவு உருண்டைக்குள் ஏறக்குறைய சூரியனளவு நிறை. மற்றது அதை ஒட்டிச் சுற்றும் சிவப்பு விண்மீன். சிவப்பு மீனிலிருந்து வழியும் வாயு சுழற்சியோடு வருவதால் நேரே விழ முடியாமல் வெண்குள்ளனைச் சுற்றித் தட்டாகப் பரவுகிறது, சூடேறி மெல்ல மெல்ல உள்ளே இறங்குகிறது. இந்த ஓட்டம் சீராக இருப்பதில்லை. ஆகவே ஒளி சில வினாடிகளிலும் ஏறி இறங்கும், பல நிமிடங்கள் எடுத்தும் ஏறி இறங்கும்.

நாம் எடுத்துக்கொண்டது எஸ்எஸ் சிக்னி. 1896இல் ஹாவார்ட் வான்காணகத்தில் லூயிசா வெல்ஸ் கண்டறிந்தது. இந்த இரண்டு மீன்களும் ஒன்றையொன்று சுற்றி வர ஆறரை மணித்தியாலம் போதும்! 12ஆம் ஒளித்தரத்தில் மங்கிக் கிடந்து, சில வாரங்களுக்கு ஒருமுறை 8 வரை பொங்கும் (எண் குறையக் குறைய ஒளி கூடும்). அந்தப் பொங்கலைத் தொலைகாட்டி வழியே கண்ணால் மதிப்பிடலாம். துடிப்பைப் பிடிக்கக் கமெரா வேண்டும்.

எஸ்எஸ் சிக்னி இருக்கும் அன்னம் என்ற விண்மீன் கூட்டம் நம் வடவானில் உயரும் மாதங்கள்தான் சோளகம் வீசும் மாதங்கள். சாட்டிக் கரையில் வைத்த தொலைகாட்டி நில்லாமல் ஆடியது. அப்புறம் வேலணையில் ஓர் அங்கத்தவரின் பனங்காணிக்குள், மதில் மறைவில் வைத்தோம். அரை நிமிடத்துக்கு ஒரு படம். நமது வளிமண்டலமும் மீனை மினுங்க வைக்குமே, எது மீனுடைய துடிப்பு? அதற்காக ஒவ்வொரு படத்திலும் ஒளி மாறாத பக்கத்து மீன் ஒன்றையும் சேர்த்து அளந்தோம். வரைபில் அந்த மீனின் புள்ளிகள் நேராகக் கிடந்தன. எஸ்எஸ் சிக்னியின் கோடு மட்டும் வாள் பல்லுப்போல ஏறி இறங்கியது. உயர்தர மாணவர்கள் ஒவ்வொரு மேட்டையும் விரலால் தொட்டு நிமிடம் எண்ணினார்கள். கழகத்தில் இதைவிட நல்ல வகுப்பு நடந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

வடமகுடம் என்ற விண்மீன் கூட்டத்தின் டி விண்மீனையும் பார்த்து வந்தோம்; அதுவும் வெண்குள்ளன் உள்ள இரட்டைதான். 1866இலும் 1946இலும் வெடித்த அது, 2024 முடியும்வரை வெடிக்கவில்லை.

அடுத்து நாம் எடுக்க விரும்புவது, எஸ்எஸ் சிக்னியைப் போன்ற இரட்டையான மிதுனத்தின் யூ விண்மீன். சுற்றுக்காலம் நாலேகால் மணித்தியாலம். அதன் துடிப்பு வருவது, வழியும் வாயு தட்டின் விளிம்பில் மோதும் சூடான புள்ளியிலிருந்து என்பதை வார்னர், நேதர் என்ற வானியலாளர்கள் 1971இல் காட்டினர்: சிவப்பு மீன் குறுக்கே வரும் கிரகணத்தில் அந்தப் புள்ளி மறையும்போது துடிப்பும் நின்றுவிடுகிறது. ஒரே இரவில் ஒரு கிரகணத்தை முழுதாகப் பிடித்தால் நாமே இதைக் காணலாம். மாரி ஓய்ந்த தை, மாசி இரவுகள் அதற்குத் தோதானவை. அந்த இரு மாதங்களிலும் அமாவாசையை ஒட்டிய வாரங்களில் கமெராவை வேறு நிகழ்ச்சிக்குக் கொடுக்காமல் இந்த வேலைக்கே விடுமாறு செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

காணி தந்தவருக்கும், விடியும்வரை தேநீர் தந்த அவர் வீட்டாருக்கும் கழகத்தின் நன்றி. அறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்,
யாழ்ப்பாணம்