மதுரை அண்ணனுக்கும், முகாமுக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

புதிய ஹாம்களின், அதாவது உரிமம் பெற்ற அமெச்சூர் ரேடியோக்காரர்களின், ரேடியோக்களில் அமைப்புகளை ஏற்றித் தரும் நம் முகாம் முடிந்து வீடு வந்து சேர்ந்து இரண்டு மணி நேரம்தான் ஆகிறது. படுத்தால் தூக்கம் வரவில்லை. பதினேழு ரேடியோக்களும் மாறி மாறிப் பேசிய சத்தம் இன்னும் காதுக்குள் இருக்கிறது. நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிப்போட்டால் இந்த நெகிழ்ச்சி ஆறிப்போகும். அதனால் இப்போதே உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை என் பை எப்படித் தொலைந்துபோனது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். மறுபடி அதை விவரிக்கப் போவதில்லை. லேப்டாப், என் ரேடியோ, கேபிள்கள், பென் டிரைவ் எல்லாமே அதில்தான் இருந்தன. இரண்டு வருடமாகச் சேர்த்த கோட்பிளக்கும் (ரேடியோவில் ஏற்றும் சேனல், அலைவரிசை அமைப்புகளின் கோப்பு) அதன் நகலும் ஒரே பையில் இருந்தது முழுக்க முழுக்க என் தவறு. "முகாமைத் தள்ளி வைக்கலாமா?" என்று குழுவில் கேட்டபோது ஒருவர்கூட என்னைக் குறை சொல்லவில்லை. "வாங்க, பாத்துக்கலாம்" என்றுதான் வரிசையாகப் பதில் வந்தது. முதல் நன்றி அதற்கு.

தள்ளி வைக்க எனக்கு மனம் வராததற்குக் காரணம் அந்தப் பதினேழு பேர். தேர்வு எழுதி, உரிமத்துக்குக் காத்திருந்து, கடைசியில் வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி கைக்கு வந்து, பணம் சேர்த்து டிஎம்ஆர் என்ற டிஜிட்டல் வகை ரேடியோ ஒன்றும் வாங்கிவிட்டார்கள். பெரம்பலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வர டிக்கெட் போட்டவர் இருக்கிறார். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இருக்கிறான். 12 வயது நிரம்பினாலே தேர்வு எழுதலாம் என்று தெரிந்த நாளிலிருந்து படித்துத் தேறியவன். சாதாரண எஃப்எம் கைரேடியோ என்றால் அலைவரிசையைத் தட்டிவிட்டுப் பேசத் தொடங்கிவிடலாம். டிஎம்ஆர் அப்படி இல்லை. கோட்பிளக் ஏறாத வரைக்கும் அது பெட்டியிலிருந்து எடுத்த பொம்மைதான்.

இணையத்தில் கிடைக்கும் கோட்பிளக்கை இறக்கி ஏற்றினால் போதாதா என்று சிலர் அக்கறையோடு கேட்டீர்கள். அங்கே பெரும்பாலும் கிடைப்பது அமெரிக்காவுக்கு எழுதியது. அதில் 446 மெகாஹெர்ட்ஸ் சேனல்கள் சாதாரணமாக இருக்கும். நமக்கு அந்தப் பட்டையில் அனுமதி 434 முதல் 438 வரைதான். உரிமம் வாங்கிய முதல் வாரத்திலேயே ஒரு புதியவர் தெரியாமல் சட்டத்தை மீறும்படி நாம் செய்துவிடக் கூடாது.

சரி, மதுரை அண்ணனுக்கு வருகிறேன். இந்தக் கடிதமே முக்கியமாக அவருக்குத்தான்.

இரவு பதினொன்றே கால் இருக்கும். போன் வந்தது. குழுவின் பழைய ஆட்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். புதியவர்களுக்குச் சொல்கிறேன்: கண்பார்வை இல்லாதவர், என்னைவிடப் பல வருடம் மூத்த ஹாம். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. போன வருட முகாமில் அவருடைய ரேடியோவுக்கும் என் கோட்பிளக்கைத்தான் ஏற்றியிருந்தோம். அதைக் கேபிளில் போட்டுப் படித்து அனுப்ப அவர் வீட்டில் கணினி கிடையாது. எனக்கு அது நினைவிருந்ததால் அவரிடம் கேட்கவே தோன்றவில்லை. அவருக்குத்தான் தோன்றியிருக்கிறது.

"தங்கச்சி, யார் லேப்டாப்பாவது இருக்கா? தெறந்து வச்சுக்கங்க. என் ரேடியோ படிக்கும், நீங்க அடிங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. அவருடைய ரேடியோவில் ஓப்பன்ஜிடி77 என்ற மென்பொருள் ஏற்றியிருக்கிறார். ஹாம்களே இலவசமாக எழுதிக் கொடுத்தது. அதில் குரல் வசதி உண்டு. பொத்தானை அழுத்த அழுத்த, திரையில் இருப்பதை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லும். சேனல் பெயர், கேட்கும் அலைவரிசை, பேசும் அலைவரிசை, கலர் கோடு, டைம்ஸ்லாட், டாக்குரூப் (ஒரே எண்ணில் கூடிப் பேசும் குழு) எல்லாம் சொல்லும். போனை அந்த ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அவர் பொத்தானை அழுத்திக்கொண்டே போனார். ஏற்ற இறக்கம் இல்லாத ஓர் ஆங்கிலக் குரல் "ஃபோர், த்ரீ, ஃபைவ், பாயிண்ட்" என்று படிக்க, நான் இங்கே தட்டிக்கொண்டே போனேன். நாற்பத்தெட்டு சேனல். ஒவ்வொன்றுக்கும் சராசரியாக நான்கு நிமிடம் பிடித்தது. முடியும்போது மணி இரண்டரை.

அந்த மூன்று மணி நேரத்தில் அவர் ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை. பின்னால் மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. இடையில் வீட்டில் யாரோ, "இன்னும் படுக்கலையா?" என்று கேட்டார்கள். "படுக்கணும், பிள்ளைக எல்லாம் நாளைக்குக் காத்துக்கிட்டு இருக்கும்ல" என்றார். இருபதாவது சேனல் பக்கம் வந்தபோது கலர் கோடு என்ற கட்டத்தில் நான் எதையோ தப்பாகத் தட்டிவிட்டு அழித்தேன். அந்தப் பக்கம் பொத்தான் சத்தம் நின்றது.

"என்ன அழிச்சீங்க?"

அழித்தது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். மற்ற எழுத்துகளைவிட அந்தச் சாவியை நான் அழுத்தி அடிக்கிறேனாம். "திரும்பவும் சொல்ல வைக்கிறேன், சரி பாத்துக்கங்க" என்று அந்தச் சேனலை முதலிலிருந்து படிக்க வைத்தார். கலர் கோடு என்பது 0 முதல் 15 வரைக்கும் உள்ள ஒரு சின்ன எண். அது ஒன்று மாறினாலும் எதிரிலிருக்கும் ஹாட்ஸ்பாட் (ரேடியோவை இணையத்தோடு இணைக்கும் சிறு கருவி) நம்மைக் கண்டுகொள்ளாது. பக்கத்திலேயே நின்று கத்தினாலும் திறக்காத கதவு அது. அன்றைக்கு அந்த ஒரு எண்ணை அவர் காதுதான் காப்பாற்றியது.

அலைவரிசையெல்லாம் முடிந்ததும், "ஆர்எக்ஸ் குரூப் லிஸ்ட் போட்டீங்களா?" என்று கேட்டார். எந்தெந்த டாக்குரூப்பின் பேச்சை ரேடியோ ஒலிக்க வேண்டும் என்ற பட்டியல் அது. காலையில் போட்டுக்கொள்கிறேன் என்றேன். "இல்லம்மா, இப்பவே போடுங்க" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் ஒரு விஷயம் சொன்னார். இரண்டு வருடப் பழக்கத்தில் இதை ஒருநாளும் அவர் என்னிடம் சொன்னதில்லை.

அவர் முதன்முதலில் டிஎம்ஆர் வாங்கியபோது இந்தக் குரல் வசதியெல்லாம் அவர் ரேடியோவில் கிடையாது. யாரோ ஒரு கோட்பிளக்கை ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். தினமும் இரவு தன் அழைப்புக்குறியைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். யாரும் பதில் சொல்லவில்லை. மூன்று வாரம் கூப்பிட்டிருக்கிறார். பதில் சொல்லாமல் இருக்கும் அளவுக்கு நாம் என்ன செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு ரேடியோவை அலமாரியில் வைத்துவிட்டாராம்.

உண்மையில் ஒவ்வொரு நாளும் அவருக்குப் பதில் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அந்தச் சேனலில் ஆர்எக்ஸ் குரூப் லிஸ்ட் காலியாக இருந்திருக்கிறது. பல ரேடியோக்களில் அது காலியாக இருந்தால் நாம் பேசுவது போகும். ஆனால் மற்றவர் பேசுவதை ரேடியோ வாங்கிக்கொண்டு ஒலிபெருக்கியைத் திறக்காமல் விட்டுவிடும். பச்சை விளக்கு மட்டும் எரியும். பார்வையுள்ளவர் என்றால் அந்த விளக்கைப் பார்த்ததும், சிக்னல் வருகிறது, அமைப்பில்தான் ஏதோ கோளாறு என்று பத்தே நிமிடத்தில் சந்தேகப்படுவார். அவருக்கு எரிந்தது தெரியாது. ஒரு நண்பர் வீட்டுக்கு வந்தபோதுதான், "என்னண்ணே, லைட்டு விடாம எரியுது" என்று சொல்லியிருக்கிறார்.

இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. "நாளைக்கு வர்ற பிள்ளைக யாருக்கும் அப்படி ஆகக் கூடாது, அவ்வளவுதான்" என்றார். எனக்குத்தான் தட்டச்சு செய்ய முடியாமல் கண் மறைத்தது.

அதோடு விடவில்லை. சேனல்களைப் பிரித்து அடுக்கிய தொகுதிகளின் வரிசையையும் மாற்றச் சொன்னார். நான் ஹாட்ஸ்பாட் சேனல்களை முதலில் வைத்திருந்தேன். "நெட்டு போனா என்ன செய்வாங்க? ரேடியோவுக்கு ரேடியோ நேராப் பேசுற சேனலை மொதல்ல வையுங்க" என்றார். அது சரிதான். ஹாட்ஸ்பாட் என்பது இணையத்தை நம்பி நிற்பது. நம் ஊரில் புயலும் வெள்ளமும் வரும்போது முதலில் போவது மின்சாரம், அடுத்தது இணையம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது போர்ட் பிளேரில் இருந்த ஹாம் பாரதி பிரசாத்தும் அவருடன் சென்ற ஹாம்களும் அந்தமானின் நிலைமையை வெளியே சொன்னது நேரடி வானலையில்தான். அதனால் இப்போது நம் கோட்பிளக்கில் முதல் தொகுதி சிம்ப்ளெக்ஸ், அதாவது ரேடியோவுக்கு ரேடியோ நேராகப் பேசுவது. டாக்குரூப் 99, கலர் கோடு 1. இனி என்றைக்கும் அந்த வரிசைதான்.

சனிக்கிழமை காலை நடந்ததை வந்தவர்கள் எல்லோரும் பார்த்தீர்கள். அதை நடத்திக்கொடுத்தவர்களுக்கு ஒட்டுமொத்தமாக என் நன்றி. ராத்திரியோடு ராத்திரியாகத் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்த தம்பி, இரட்டைப் பின் கேபிள்கள் நான்கைக் கொண்டுவந்த வி.யு.2 அழைப்புக்குறிக்கார அய்யா, ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் ஹாட்ஸ்பாட் போட்டு ஜன்னலோரம் வைத்துவிட்டு நாள் முழுக்கக் காவல் இருந்த அக்கா, விடுமுறை நாளிலும் ஆய்வகத்தைத் திறந்து வைத்த உதவியாளர், எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் எல்லோருக்கும் போதுமான அளவு கட்டி அனுப்பிய அம்மா. ஒரே கோட்பிளக்கைப் பதினேழு ரேடியோவிலும் ஏற்றிய பிறகு, ஒவ்வொன்றிலும் அவரவர் டிஎம்ஆர் எண்ணை மாற்றிச் சரிபார்த்த இரண்டு கல்லூரி மாணவிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். 404 என்று தொடங்கும் அந்த ஏழு இலக்க எண்ணை மாற்றாமல் விட்டிருந்தால் பதினேழு பேரும் ஒரே ஆளாகத்தான் வலையில் தெரிந்திருப்பார்கள். அவர்கள் ஒருவர் படிக்க ஒருவர் பார்த்து, இரண்டு சுற்று சரிபார்த்தார்கள். ஒரு எண்கூடத் தப்பவில்லை.

9990 என்ற சோதனை எண்ணை அழைத்து ஒவ்வொருவரும் தன் குரல் திரும்பி வருவதைக் கேட்டபோது முகங்களைப் பார்த்தேன். எல்லோரும் அதைக் கிளி என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். அதன் பிறகு ஓர் அமைதியான டாக்குரூப்புக்கு மாறினோம். அப்போது எட்டாம் வகுப்புப் பையன் என் கையைத் தட்டினான்.

"அக்கா, பச்சை லைட் எரியுது, சத்தம் வரல."

நான் ரேடியோவை வாங்கிப் பார்த்தேன். முப்பத்தொன்றாவது சேனல். அந்த ஒன்றில் மட்டும் குரூப் லிஸ்ட்டை விட்டிருக்கிறேன். முந்தின இரவு அண்ணன் அதைச் சொல்லியிருக்காவிட்டால் ஆண்டெனாவையும் பேட்டரியையும் கழற்றி மாட்டி ஒரு மணி நேரம் வீணாக்கியிருப்பேன். ஐந்து நிமிடத்தில் சரியானது. பதினேழு ரேடியோவிலும் அந்தச் சேனலைத் திருத்தி மறுபடி ஏற்றினோம்.

பையன் பொத்தானை அழுத்தி, ஒரு நொடி பொறுத்து, தன் அழைப்புக்குறியைச் சொன்னான். வகுப்பில் ஒப்பிப்பதுபோல நேராக நிமிர்ந்து நின்றுகொண்டு சொன்னான். விட்டதும் உடனே பதில் வந்தது. விடியற்காலை வரை விழித்திருந்த அந்த மனிதர் காலை ஒன்பது மணியிலிருந்தே அந்த டாக்குரூப்பில் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"தம்பி, நீங்க பேசுறது தெளிவாக் கேக்குது. நான் பேசுறது உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்குது அங்கிள்."

பதினேழு பேரிடமும் அவர் அதையே கேட்டார். ஒவ்வொருவரும் "கேக்குது" என்று சொல்லும்வரை அடுத்தவரைக் கூப்பிடவில்லை. பெரம்பலூர்க்காரர் பதற்றத்தில் பொத்தானைச் சீக்கிரம் விட்டுவிட, பாதி வார்த்தைதான் போயிற்று. "பொறுமையா, இன்னொரு தடவை" என்று நான்கு முறை அவருக்காகக் காத்திருந்தார். முழுதாக முடிய மதியம் ஒன்றேகால் ஆனது.

அண்ணே, உங்களுக்கு நேராகவே சில வார்த்தை. இதை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள், இல்லையென்றால் உங்கள் போனே படிக்கும். நீங்கள் படிக்க வைத்த நாற்பத்தெட்டு சேனலையும் காகிதத்தில் அச்செடுத்துவிட்டேன். மூன்று வீட்டில் மூன்று பிரதி இருக்கும். அதோடு, கோட்பிளக் எழுதுவதை ஆரம்பத்திலிருந்து தமிழில் பேசிப் பதிவு செய்யப் போகிறேன்: முதலில் தொடர்பு, அடுத்து குரூப் லிஸ்ட், அப்புறம் சேனல், கடைசியில் தொகுதி. திரையைப் பார்க்காமல் கேட்டே பின்தொடரும்படி இருக்க வேண்டும். இதில் எங்கே தடுமாறுகிறது என்று நீங்கள்தான் கேட்டுச் சொல்ல வேண்டும். அடுத்த முகாமில் குரல் வசதி ஏற்றிய ரேடியோ குறைந்தது இரண்டு இருக்கும். அதற்கான செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. நம் டாக்குரூப்பில் புதிய குரல் எது வந்தாலும் பதில் சொல்ல ஒருவராவது இருக்க வேண்டும் என்று சனிக்கிழமை மாலையே பேசிக்கொண்டோம். தினமும் இரவு ஒன்பதிலிருந்து பத்து வரை, முறை போட்டுக்கொண்டு. திங்கட்கிழமை என் முறை. புதன்கிழமையை எட்டாம் வகுப்புப் பையன் கேட்டு வாங்கிக்கொண்டான். வீட்டுப்பாடம் முடித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று அவன் அம்மா நிபந்தனை போட்டிருக்கிறார்.

நீங்கள் எந்த நாள் வேண்டுமானாலும் வாருங்கள் அண்ணே. கூப்பிடுங்கள்.

73 (ஹாம் வழக்கில் அன்பான வாழ்த்துகள்).