எரிந்தனவா, எரித்தார்களா? செய்தித்தள ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

காலையில் கைப்பேசியைத் திறந்ததும் உங்கள் தளங்களைத்தான் மேய்கிறேன், அந்த உரிமையில் எழுதுகிறேன். மியன்மாரின் முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்கியா மக்களைப் பற்றிய செய்தி என்றால் நின்று படிப்பேன், படித்து முடிக்கும்போது பெரும்பாலும் வினைச்சொல்லில்தான் எரிச்சல் வருகிறது. அவர்கள் வாழும் ராக்கைன் மாநிலத்தில் கிராமங்கள் எரிந்தன என்று போடுகிறீர்கள். தானாகவா எரிந்தன? 'ந்' போய் 'த்' வந்தால் எரித்தது யார் என்று சொல்லியாக வேண்டும், சொல்லாமல் விட்டால் மியன்மார் இராணுவம் அந்த வாக்கியத்திலிருந்தே நழுவிவிடுகிறது.

ஏஜென்சி செய்தி, அவசரத்தில் மொழிபெயர்த்தது என்பீர்கள். சரி. ஆனால் கடைசியில் பின்னணி என்று ஒட்டுகிறீர்களே ஒரு பத்தி, அது ஒவ்வொரு முறையும் 2017 ஆகஸ்ட் 25இல்தான் தொடங்குகிறது: ஆர்சா என்ற ரோஹிங்கியா ஆயுதக்குழு காவல் சாவடிகளைத் தாக்கியது, இராணுவம் பதிலடி கொடுத்தது, 7 லட்சத்துக்கும் அதிகமானோர் பங்களாதேஷுக்குப் போனார்கள். ஏதோ இவன் அடித்தான், அவன் திருப்பி அடித்தான் கதை மாதிரி. 1978இல் சுமார் 2 லட்சம் பேரும் 1991-92இல் சுமார் 2.5 லட்சம் பேரும் இதே எல்லையைத் தாண்டி ஓடினார்களே, அப்போது ஆர்சா எங்கே இருந்தது? 1982 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியதையும், 2014 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ரோஹிங்கியா என்று சொன்னவர்களை எண்ணாமலே விட்டதையும் போட ஒரு வரி கிடைக்காதா?

அப்புறம் இந்தக் 'கூறப்படுகிறது'. நடந்தது இனப்படுகொலையா என்பது காம்பியா 2019இல் சர்வதேச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, அதைக் குற்றச்சாட்டு என்றே எழுதுங்கள், தப்பில்லை. ஆனால் ராக்கைனின் இன் தின் கிராமத்தில் ரோஹிங்கியர் 10 பேரைக் கொன்று ஒரே குழியில் புதைத்ததை 2018 ஜனவரியில் இராணுவமே ஒப்புக்கொண்டது. அதற்குமா கூறப்படுகிறது? அதைத் துருவிய ராய்ட்டர்ஸ் நிருபர்கள் வா லோன், கியாவ் சோ ஊ இருவரும் 500 நாட்களுக்கு மேல் சிறையில் கிடந்தார்கள். கொலைக்காக 10 ஆண்டுத் தண்டனை பெற்ற 7 படையினரோ ஒரு வருடம்கூட உள்ளே இருக்கவில்லை. உங்கள் தொழில்காரர்கள்தானே அந்த இரண்டு பேரும்.

2024 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியர்களோடு, அதில் நிறையக் குழந்தைகள், ஒரு படகு முள்ளிவாய்க்கால் கடலில் வந்து நின்றது. முதலில் உதவிக்குப் போனது மீனவர்கள். கொழும்பில் ஓர் அமைச்சர் ஆட்கடத்தல் என்று சொல்லிவிட்டால் போதும், அகதி என்ற சொல் தலைப்பில் சட்டவிரோதக் குடியேறி ஆகிவிடும். முள்ளிவாய்க்கால் என்று தட்டச்சு செய்கிற விரலுக்கு, அதற்கடுத்த சொல்லை இவ்வளவு அலட்சியமாகத் தட்ட எப்படி முடிகிறது?

அடுத்த படகு வரும்போது எத்தனை பேர் என்பதோடு, யார் விரட்டி ஓடி வந்தார்கள் என்பதையும் முதல் பத்தியிலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்