சிறுநீரக நோய்க்கு ஒரே காரணமா?

ஆசிரியருக்கு,

வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளத்தில் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்திலில் சுண்ணாம்பு படியும். இங்கே பரவும் சிறுநீரக நோய்க்கு அதுதான் காரணம் என்று தேநீர்க்கடையிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். தேவையின்றிக் காரணங்களைப் பெருக்கக்கூடாது என்பது 14ஆம் நூற்றாண்டின் ஆங்கிலத் தத்துவஞானி ஒக்காம் வில்லியத்தின் பெயரில் வழங்கும் விதி. நானும் அதை வகுப்பில் படிப்பித்தவள்தான். ஆனால் சுண்ணாம்புத் தண்ணீர் யாழ்ப்பாணத்திலும் உண்டு. அங்கே இந்த நோய் இப்படிப் பரவவில்லையே? 2015இல் கிளைபோசேற்று என்ற களைகொல்லிதான் இந்த நோய்க்குக் காரணம் என்று இலங்கையில் அதைத் தடைசெய்தபோதும் இதே அவசரம்தான். புளோரைட்டு, கட்மியம் என்ற நச்சு உலோகம், பூச்சிகொல்லி, தண்ணீர் குடிக்காமல் வெயிலில் வேலை எனப் பலவற்றையும் ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். கிணறுகளைச் சோதியுங்கள், வயலில் நிற்பவர்களின் இரத்தத்தையும் சேர்த்துச் சோதியுங்கள். அந்த முடிவுகளை ஊர்வாரியாக உங்கள் பத்திரிகையில் போடுங்கள்.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
செட்டிகுளம்.